புல்வெட்டும் வண்டியின் மின்னேற்றப் பாதை: பழுதறிந்து வயர் மாற்றும் முறை

ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, அமெரிக்க நாட்டின் பெரிய வீட்டு முற்றங்களுக்கென்று பெருவாரியாகச் செய்யப்பட்ட சாதனமாகும். இன்று நம் நாட்டின் கோல்ஃப் மைதானங்களிலும், பரந்த திடல்களிலும், புல்வெளி மிகுந்த தோட்டங்களிலும் இதனைக் காணலாம். இவற்றுள் சில மிகப் பழையவை. இயந்திரம் நன்றாக இருக்கும். கத்தியும் நன்றாக இருக்கும். ஆயினும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்னும் ஓசை மட்டுமே எழும். வண்டி கிளம்பாது.

உடனே பழி மின்கலத்தின் மீது விழுகிறது. கடைக்குச் சென்று புதிய மின்கலம் வாங்கிப் பொருத்துகிறார்கள். சில நாள் வண்டி நன்றாகக் கிளம்புகிறது. பின்னர் மீண்டும் அதே 'டக்'. மறுபடியும் ஒரு மின்கலம், மறுபடியும் செலவு. முடிவில், வண்டியே உதவாது என்று ஒதுக்கப்பட்டு, கூரையில்லாத மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. உண்மையில் பழுது, சில முழ வயரிலும் ஒரு சிறிய இணைப்பிலுமே இருந்திருக்கக்கூடும்.

பால் வெட்டும் நமக்கு இந்நிலை எளிதில் விளங்கும். மங்கில் பால் சேரவில்லை என்றால் நாம் மங்கை மாற்றிக்கொண்டே இருப்பதில்லை. வெட்டு சரியான ஆழத்தில் விழுந்திருக்கிறதா, பால் கோட்டின் வழியே இறங்குகிறதா, மரத்தில் செருகிய தகரம் விலகிப் பால் தரையில் வழிகிறதா, மங்கு கவிழ்ந்து கிடக்கிறதா என்று மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்க்கிறோம். மின்னேற்ற அமைப்பையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். மின்கலம் என்பது மங்கு. அது சேர்த்து வைக்கும் பாத்திரமேயன்றி, மின்சாரம் பிறக்கும் இடமன்று.

மின்சாரம் பிறக்கும் இடத்திலிருந்து மின்கலம் வரை உள்ள பாதையை அளந்தறிவதும், கெட்ட பகுதிக்குப் புதிய வயர் போடுவதும் எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மின்சாரம் பிறக்கும் இடம்

காந்தம் ஒன்று கம்பிச் சுருளின் அருகே அசைந்தால், அச்சுருளில் மின்சாரம் தோன்றும். இவ்வுண்மையை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். புல்வெட்டும் வண்டியின் மின்னேற்ற அமைப்பு முழுவதும் இவ்வொரு விதியின் மீதே நிற்கிறது.

இயந்திரத்தின் மேற்புறத்தில் காற்று வீசும் இறக்கைகளுடன் சுழலும் கனத்த சக்கரத்திற்கு ஃபிளைவீல் என்று பெயர். பல இயந்திரங்களில் இச்சக்கரத்தின் உட்புற விளிம்பில் காந்தங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அதன் அடியில், சுழலாமல் நிலையாக இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். சக்கரம் சுழலும்போது காந்தங்கள் சுருள்களைக் கடந்து செல்கின்றன, மின்சாரம் பிறக்கிறது. சக்கரம் விரைந்து சுழன்றால் மின்னழுத்தமும் உயரும். ஆகவேதான் இயந்திரம் மெதுவாக ஓடும்போது மின்னேற்றம் குறைந்தும், முழு வேகத்தில் ஓடும்போது நிறைந்தும் காணப்படுகிறது.

இங்குப் பிறப்பது திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டம். மின்கலத்திற்கோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் தேவை. எனவே இடையில் டையோடு என்னும் சிறு பொருள் வைக்கப்படுகிறது. அது மின்னோட்டத்தை ஒரு திசையில் செல்லவிடும். மறு திசையில் தடுத்துவிடும். நீரை உள்ளே விட்டு வெளியே விடாத வால்வைப் போன்றது அது. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. இயந்திரம் நின்றிருக்கும்போது, மின்கலத்தில் சேர்ந்த மின்சாரம் சுருளின் வழியே திரும்ப வடிந்துவிடாமல் டையோடு காக்கிறது.

உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது?

வயரில் கை வைக்குமுன், வண்டியில் எவ்வகை அமைப்பு உள்ளது என்பதை அறிதல் முதற்கடமை. ஒரு வகைக்குரிய உறுப்பை வேறொரு வகையிற் பொருத்தினால் பழுது தீராது. புதிய பழுது ஒன்று சேரும்.

முதல் வகை, ஏறத்தாழ 3 ஆம்பியர் மட்டும் தரும் எளிய அமைப்பு. இதில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லை. ஸ்டேட்டரிலிருந்து ஒரு வயர் வெளிவரும். அவ்வயரின் உறைக்குள், இணைப்பியின் அருகே, டையோடு சிறு புடைப்பாகத் தெரியும். 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் பழைய இயந்திரங்களில் இவ்வகையைப் பரவலாகக் காணலாம்.

இரண்டாம் வகை, அதே ஸ்டேட்டரிலிருந்து இரண்டு வயர்கள் வருவது. டையோடு கொண்ட சிவப்பு வயர் மின்கலத்திற்குச் செல்லும். டையோடு இல்லாத கறுப்பு வயர் முகப்பு விளக்குகளுக்கு மட்டும் செல்லும். இவ்வகை வண்டியில் விளக்குகள் இயந்திரம் ஓடும்போது மட்டுமே எரியும். வேகத்திற்கேற்ப ஒளியும் கூடிக் குறையும். அது பழுதன்று, அமைப்பே அத்தகையது.

மூன்றாம் வகை, ரெகுலேட்டர் கொண்ட அமைப்பு. ஸ்டேட்டரிலிருந்து ஒரே நிறமுடைய இரண்டு வயர்கள் புறப்பட்டு, விரல் விரலாக விளிம்புகள் கொண்ட ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் செல்லும். அப்பெட்டியே ரெகுலேட்டர். மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்தும் பணியையும், மின்னழுத்தம் மிகாமல் காக்கும் பணியையும் அது ஒருங்கே செய்கிறது. பின்னர் ஒற்றை வயர் மின்கலத்தை நோக்கிச் செல்லும். 15, 16 ஆம்பியர் தரும் பெரிய இயந்திரங்களில் இவ்வமைப்பு உண்டு.

இவையன்றி 1960களில் செய்யப்பட்ட சில வண்டிகளில், இயந்திரத்தின் பக்கவாட்டில் உருளை ஒன்று பெல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டாராகவும், பின்னர் மின்சாரம் தரும் ஜெனரேட்டராகவும் அவ்வுருளையே பணிபுரியும். அதன் முறை வேறு. இப்பாடத்திற் கூறும் அளவுகள் அதற்குப் பொருந்தா.

3 ஆம்பியர் போதுமா?

மூன்று ஆம்பியர் மிகக் குறைவு என்று எண்ணிப் பலர் ஐயுறுவதுண்டு. ஒரு கணக்கைப் பார்ப்போம். இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டார் 120 ஆம்பியர் வீதம் 3 வினாடி மின்சாரம் எடுப்பதாகக் கொள்வோம். 120ஐ மூன்றால் பெருக்க 360 ஆகும். 3 ஆம்பியர் வீதம் இதனை ஈடுசெய்ய 120 வினாடி, அஃதாவது இரண்டு நிமிடம் போதும். இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சில நிமிடங்கள். ஆகவே பாதை சீராக இருந்தால், அரைமணி நேரம் புல் வெட்டிய வண்டி தான் செலவிட்டதைத் திரும்பப் பெற்றுவிடும்.

ஆனால் இம்மூன்று ஆம்பியரை வேறு பணிக்குத் திருப்பினால் கணக்குப் பிழைத்துவிடும். ஒளி கூடிக் குறைகிறதே என்று கருதி, விளக்கு வயரைக் கறுப்பிலிருந்து கழற்றி மின்கலத்தின் பக்கம் இணைத்துவிடுவதைக் காண்கிறோம். 25 வாட்டு விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். வருவது மூன்று, போவது நான்கு. மின்கலம் நாள்தோறும் வடியும். கத்தியை இணைக்கும் மின்காந்தக் கிளட்சைப் பிற்காலத்தில் இவ்வகை வண்டியிற் பொருத்தினாலும் இதே விளைவுதான். எனவே பழுது பார்க்குமுன், வண்டியில் பிறர் செய்த மாற்றங்கள் உண்டா என்று கவனித்தல் நலம்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைபிரேக்கை இடுக. கத்தியின் இணைப்பை விலக்குக. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்க.

இரண்டாவதாக, வயர் வேலை செய்யும்போது ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். கை பட்டு ஃபிளைவீல் சுழன்றாலும் இயந்திரம் கிளம்பிவிடாதிருக்க இது தேவை.

மூன்றாவதாக, மின்கலத்தின் வயர்களுள் எதிர்முனை வயரையே முதலிற் கழற்ற வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அதனையே இறுதியிற் பொருத்த வேண்டும். காரணம் எளிது. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் எதிர்முனையுடன் இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலிற் கழற்ற முற்படும்போது ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டால், பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும்; ஸ்பேனர் பழுக்கக் காயும். எதிர்முனை கழற்றப்பட்ட பின் அந்த ஆபத்து இல்லை.

நான்காவதாக, மின்னேற்றம் பெறும் ஈய மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அஃது எளிதில் வெடிக்கும் இயல்புடையது. அதன் அருகே சிகரெட்டும் தீக்குச்சியும் ஆகா. உள்ளிருக்கும் கந்தக அமிலம் கண்ணிற் பட்டால் பார்வை கெடும். பட்டுவிடின், உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாடுக.

ஐந்தாவதாக, இயந்திரத்தை ஓடவிட்டு அளக்கும் வேலையைத் திறந்த வெளியிற் செய்க. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைக் கொல்லும்.

அளந்தறியும் முறை

இவ்வேலைக்கு விலைகுறைந்த மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவல் வாங்கியேனும் அதனைப் பயன்படுத்துக. அளக்காமல் உறுப்புகளை மாற்றுவது, இருட்டில் மரம் வெட்டுவதை ஒக்கும்.

படி 1. ஓய்விலிருக்கும் மின்கலத்தை அளத்தல். வண்டி சில மணி நேரம் நின்ற பின் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டு அல்லது சற்று மேல் என்றால் மின்கலம் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பகுதி வடிந்துவிட்டது. வடிந்த மின்கலத்தை முதலில் வெளிச் சார்ஜரில் நிறைத்துக்கொள்க. ரெகுலேட்டர் உள்ள வண்டியில் இது மிகவும் இன்றியமையாதது; ஏனெனில் பல ரெகுலேட்டர்கள், மின்கலத்தின் அழுத்தத்தை உணர்ந்த பின்னரே இயங்கத் தொடங்குகின்றன. முற்றிலும் வடிந்த மின்கலத்தை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரைக் குறைகூறுதல் தவறு. நிறைத்த பின்னும் ஓரிரவில் தானே இறங்கிவிடும் மின்கலம், எதிர்முனை கழற்றியிருந்தும் இறங்கினால், அப்போதுதான் பழி அதனைச் சேரும்.

படி 2. இயந்திரம் ஓடும்போது மின்கலத்தை அளத்தல். பெரும்பாலான இவ்வியந்திரங்களின் முழு வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,600 சுற்று. அவ்வேகத்தில் மின்கலத்தின் இரு முனைகளிலும் அளக்கவும். ரெகுலேட்டர் உள்ள அமைப்பில் 13.8 முதல் 14.7 வோல்ட்டு வரை காட்டினால் மின்னேற்றம் நடைபெறுகிறது. பழுதை வேறிடத்தில் தேட வேண்டும். ஓய்வில் இருந்த அளவே மாறாமல் இருந்தால், மின்சாரம் மின்கலத்தை வந்தடையவில்லை. 15ஐத் தாண்டிச் சென்றால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. அந்நிலை நீடித்தால் மின்கலத்தின் நீர் கொதித்து வற்றும். 3 ஆம்பியர் அமைப்பில், ஓடும்போது எண் மெல்ல ஏறிச் செல்வதே நற்குறி.

படி 3. பிறப்பிடத்தை அளத்தல். இயந்திரத்தை நிறுத்தி, ஸ்டேட்டரின் இணைப்பியைப் பிரிக்கவும். மூன்றாம் வகையில், மீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்திற்குத் திருப்பி, ஒரே நிறமுள்ள இரண்டு வயர்களிலும் தொடுக்கவும். வயர்கள் ஒன்றையொன்றோ சட்டத்தையோ தொடாதவாறு பார்த்துக்கொண்டு இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டவும். 15, 16 ஆம்பியர் வகைகளில் ஏறத்தாழ 28 முதல் 30 வோல்ட்டு அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இரண்டாம் வகையின் கறுப்பு வயருக்கும் சட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ 14 வோல்ட்டு கிடைக்க வேண்டும். டையோடு கொண்ட சிவப்பு வயரை வேறு விதமாகச் சோதிக்கலாம். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, சிவப்பு வயருக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே இணைத்து ஓட்டினால், முழு வேகத்தில் 2 முதல் 4 ஆம்பியர் காட்டும்.

படி 4. டையோடைச் சோதித்தல். இயந்திரத்தை நிறுத்தி, மீட்டரை டையோடு நிலைக்குத் திருப்புக. ஒரு திசையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டு காட்டி, முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாதிருப்பது நல்ல டையோடு. இரு திசையிலும் வழிவிட்டால் அது உடைந்த வால்வு. நின்றிருக்கும் வண்டியின் மின்கலத்தை வடித்துவிடும். இரு திசையிலும் தடுத்தால் மின்னேற்றமே நிகழாது.

படி 5. வழியில் ஏற்படும் இழப்பை அளத்தல். பலரும் விட்டுவிடும் படி இதுவே. பழைய வண்டியில் பழுது பெரும்பாலும் மறைந்திருப்பதும் இங்கேதான். ரெகுலேட்டரின் வெளிவரும் முனையில் மீட்டரின் ஒரு முனையையும், மின்கலத்தின் நேர்முனையில் மற்றொன்றையும் வைத்து, இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுக. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ தடை உள்ளது. அவ்வாறே ரெகுலேட்டரின் உடலுக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையில் அளக்கவும்.

இத்தடை எவ்வளவு கேடு செய்யும்? துருவேறிய இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே 3 ஆம்பியர் சென்றால் ஒன்றரை வோல்ட்டு அங்கேயே வெப்பமாக அழிகிறது. ரெகுலேட்டர் 14.4 வோல்ட்டு அனுப்பினாலும் மின்கலத்திற்குச் சேர்வது 12.9 மட்டுமே. அவ்வழுத்தத்தில் மின்கலம் நிறையாது. ஸ்டேட்டர் நன்று, ரெகுலேட்டர் நன்று, மின்கலமும் நன்று. கட்டை விரல் நகத்தளவு இணைப்பு ஒன்றுதான் குற்றவாளி.

படிகளின் முடிவை இவ்வாறு தொகுக்கலாம். பிறப்பிடத்திலேயே மின்சாரம் இல்லையெனில் ஸ்டேட்டரோ காந்தமோ கெட்டிருக்கிறது. பிறப்பிடத்தில் இருந்து, ரெகுலேட்டருக்கு அப்பால் இல்லையெனில், முதலில் அதன் உடல் சட்டத்துடன் நன்கு தொடுகிறதா என்று பார்த்து, அதன் பின்னரே ரெகுலேட்டரை மாற்றுக. ரெகுலேட்டருக்கு அப்பாலும் இருந்து, மின்கலத்தில் இல்லையெனில், வேண்டுவது புதிய வயர்.

புதிய வயர் போடுதல்

நம் நாட்டின் ஈரக் காற்றில் செம்பு விரைவிற் பச்சையேறும். அதிர்வினால் வயர் சட்டத்தின் விளிம்பில் உராய்ந்து உறை தேயும். நிறுத்தி வைத்த வண்டியில் எலி கூடு கட்டி வயரைக் கடிப்பதும் உண்டு. உறையின் ஒரு முனையைச் சிறிது சீவிப் பாருங்கள். உள்ளிருக்கும் செம்பு கறுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால், அவ்வயரை ஒட்டுப்போட முயலாமல் முழுவதும் மாற்றுதலே அறிவுடைமை.

பழைய வயரை அறுத்தெறியுமுன், அது செல்லும் வழியைத் தாளில் வரைந்துகொள்க. ஒவ்வொரு முனையிலும் துணிநாடா ஒட்டி எண் எழுதுக. பழைய வண்டியில் நிறத்தை நம்புதல் கூடாது. முன்னொருவர் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். மீட்டர் காட்டுவதே மெய்.

வயரின் பருமன் முக்கியம். 3 ஆம்பியர் அமைப்பிற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளமாகப் போதும். 15, 16 ஆம்பியர் அமைப்பிற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வேண்டும். மின்கலத்திலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த வயரும், சட்டத்திற்குச் செல்லும் தடித்த வயரும் 16 சதுர மில்லிமீட்டர் அளவில் இருத்தல் நலம். எங்கும் பல இழைகள் கொண்ட வயரையே பயன்படுத்துக. வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் ஒடிந்துவிடும்.

பாதை இதுவாகும். ஸ்டேட்டரிலிருந்து டையோடு வழியாகவோ ரெகுலேட்டர் வழியாகவோ வெளிவரும் வயரை, ஸ்டார்ட்டர் சோலினாய்டில் மின்கல வயர் வந்து சேரும் போல்ட்டுக்குக் கொண்டு செல்க. இடையில், மின்கலத்தின் பக்கமாக, பியூஸ் ஒன்றை வைக்க வேண்டும். 3 ஆம்பியர் அமைப்பிற்கு 10 ஆம்பியர் பியூஸ். 16 ஆம்பியர் அமைப்பிற்கு 20 ஆம்பியர் பியூஸ். முன்பிருந்த அமைப்பில் இவ்வயர் சாவி சுவிட்சின் வழியாகச் சென்றிருந்தால், அம்முறையையே பின்பற்றுக.

பியூஸை ஏன் மின்கலத்தின் பக்கம் வைக்க வேண்டும்? வயர் எங்கேனும் உரசிச் சட்டத்தைத் தொட்டால், பெருமளவு மின்சாரத்தைப் பாய்ச்சுவது ஸ்டேட்டரன்று, மின்கலமே. பியூஸ் மின்கலத்தின் அருகே இருந்தால்தான் வயர் முழுவதும் அதன் காவலுக்குள் அடங்கும். பெட்ரோல் தொட்டியும் காய்ந்த புல்லும் அருகிலிருக்கும் வண்டியில், ஒரு சிறு பியூஸ் இல்லாத குறை முழு வண்டியையும் எரித்துவிடக்கூடும். பியூஸ் உருகினால் காரணத்தைத் தேடுக; வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது தீக்கு அழைப்பு விடுப்பதாகும்.

முனைகளை அதற்குரிய குறடால் நன்கு நெரித்துப் பொருத்துக. இழுத்துப் பார்த்தால் கழலக்கூடாது. ஈயம் உருக்கி ஒட்டிய இடம் விறைத்துப்போய், அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் ஒடிவதுண்டு. ஆகவே ஈயம் ஒட்டினால் அவ்விடம் அசையாதவாறு கட்டிவைத்தல் வேண்டும். இணைப்பின் மீது வெப்பத்தாற் சுருங்கும் குழலை இட்டு ஈரத்தைத் தடுக்கலாம்.

சட்டத்தைத் தொடும் இணைப்புகளை மறத்தல் கூடாது. ரெகுலேட்டர் அமரும் இடத்திலும், எதிர்முனை வயர் சேரும் இடத்திலும் வண்ணத்தையும் துருவையும் சுரண்டி, பளிச்சிடும் இரும்பு தெரியச் செய்து இறுக்குக. பின்னர் மேற்புறம் சிறிது வாசலின் தடவுக. சென்ற மின்சாரம் திரும்பி வரும் வழி இதுவே. போகும் பாதை புதிதாயிருந்து திரும்பும் பாதை துருப்பிடித்திருந்தால், செய்த வேலை பாதி வேலையே.

வயரைப் புகைக்குழாயின் அருகிலும், பெல்ட்டின் அருகிலும், திரும்பும் சக்கரத்தின் வழியிலும் கொண்டு செல்லலாகாது. இரும்புத் துளையின் வழியே செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக.

செய்யத்தகாத செயல்கள்

சாவி சுவிட்சின் பின்புறத்தில் எழுத்துகள் காணப்படும். பொதுவாக 'பி' என்பது மின்கலம். 'எஸ்' என்பது ஸ்டார்ட்டர். 'எல்' என்பது விளக்கு முதலியன. 'ஜி' என்பது சட்டம். 'எம்' என்பது மக்னீட்டோ. மக்னீட்டோ உள்ள இயந்திரத்தை நிறுத்துவதற்காக, 'எம்' முனை சட்டத்துடன் இணைக்கப்படுகிறது. அவ்வயரில் மின்கலத்தின் 12 வோல்ட்டை ஒருபோதும் செலுத்தக்கூடாது. மின்னேற்றப் பழுதைத் தீர்க்கப்போய், தீப்பொறி தரும் சுருளையும் கெடுத்துக்கொள்ள நேரும்.

மின்கலத்தைத் தலைகீழாக இணைக்கக்கூடாது. நொடிப்பொழுதில் டையோடு எரிந்துவிடும். மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரெகுலேட்டர் உள்ள இயந்திரத்தை ஓட்டக்கூடாது. வண்டியின் சட்டத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தால், முன்னதாக மின்கலத்தின் வயர்களையும் ரெகுலேட்டரின் இணைப்பியையும் பிரித்துவிட வேண்டும். ஃபிளைவீலைக் கழற்ற நேர்ந்தால், அதற்குரிய இழுகருவியைப் பயன்படுத்துக. சுத்தியலால் அடித்தால் ஒட்டிய காந்தங்கள் விரிசல் கண்டு உடையும். கட்டுப்பாடு இல்லாத 3 ஆம்பியர் அமைப்பில், தற்காலத்து லித்தியம் மின்கலத்தைப் பொருத்துதலும் ஏற்றதன்று.

யாவற்றிலும் மேலாக ஒன்று. இருக்கையின் அடியிலும், பிரேக்கின் அருகிலும், கத்தியின் கைப்பிடியிலும் சிறு பாதுகாப்புச் சுவிட்சுகள் உண்டு. ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால், இயந்திரத்தையோ கத்தியையோ நிறுத்தும் காவலர்கள் அவை. வயர் மாற்றும்போது, 'இது தொல்லை' என்று எண்ணி அவற்றை ஒதுக்கி நேராக இணைத்துவிடும் வழக்கம் மிகக் கொடியது. சரிவில் வண்டி கவிழும் நாளில், அவ்வொரு வயர்தான் ஒரு தொழிலாளியின் காலுக்கும் கத்திக்கும் இடையில் நிற்கிறது. அச்சுவிட்சு கெட்டிருந்தால் மாற்றுக, ஒதுக்காதீர்கள்.

வேலை முடிந்த பின்

எல்லாம் பொருத்தியதும் படி 2ஐயும் படி 5ஐயும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும். வந்த அளவுகளை நாளுடன் ஓர் அட்டையில் எழுதி, இருக்கையின் அடியில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வண்டி மீண்டும் மக்கர் செய்தால், எது மாறியிருக்கிறது என்பதை அவ்வட்டையே சொல்லிவிடும். அன்று வேலை பார்ப்பவர் வேறொருவராயினும், அவர் முதலிலிருந்து தேடத் தேவையில்லை.

பயன் தீர்ந்த மின்கலத்தைக் கால்வாயிலோ காட்டிலோ எறிதல் தவறு. அதிலுள்ள ஈயம் நஞ்சு. குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. அவ்வீயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த இயலுமாதலால், பழைய மின்கலத்தை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. அங்கே சேர்ப்பின் சுற்றுப்புறமும் காக்கப்படும்; சிறிது பணமும் கிடைக்கும்.

இங்குக் கூறிய முறை, புல்வெட்டும் வண்டி ஒன்றிற்கு மட்டும் உரியதன்று. மோட்டார் சைக்கிளிலும் சிறு ஜெனரேட்டரிலும் காந்தமும் சுருளும் உறவாடும் விதி இதுவே. பிறப்பிடத்திலிருந்து சேருமிடம் வரை படிப்படியாக அளந்து செல்லும் பழக்கம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால், எந்த இயந்திரத்தின் முன்னும் அவர் திகைத்து நிற்கமாட்டார். தோட்ட இளைஞர்கள் இதனைக் கைத்தொழிலாகவே வளர்த்துக்கொள்ளலாம். பிறர் ஒதுக்கிய வண்டியை ஓடவைக்கும் கைக்கு எங்கும் வேலை உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. ரெகுலேட்டர் உள்ள வண்டி ஒன்றில், ஸ்டேட்டரின் இரு வயர்களுக்கிடையே முழு வேகத்தில் 30 வோல்ட்டு வருகிறது. ரெகுலேட்டரின் வெளிவரும் முனையில் 14.4 வோல்ட்டு, மின்கலத்தில் 12.8 மட்டுமே. எதனை மாற்ற வேண்டும்? எதனை மாற்றத் தேவையில்லை?

2. விளக்குகளை மின்கலத்தின் பக்கம் இணைத்த 3 ஆம்பியர் வண்டியில், புதிய மின்கலமும் வடிவதேன்? கணக்கிட்டு விடை காண்க.

3. மின்கலத்தின் எதிர்முனையை முதலிற் கழற்றுவதேன்? பியூஸை மின்கலத்தின் அருகே வைப்பதேன்? இரண்டிற்கும் பொதுவான காரணம் யாது?